குடிக்கணக்கில் தாய்மொழி

நேயர்களே, உங்கள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு ரூபாய்த் தாள் இருக்குமாயின் அதை எடுத்துப் பின்புறத்தைப் பாருங்கள். இடப்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் அத்தாளின் மதிப்பு பதினைந்து மொழிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கும். பெரிய எழுத்தில் உள்ள இந்தியையும் ஆங்கிலத்தையும் கூட்டினால் பதினேழு. நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், நம் நாடு பல மொழிகள் வழங்கும் நாடு என்பதை விளக்க இந்தத் தாளையே பாடக்கருவியாகக் கொள்வது வழக்கம். தமிழ் எத்தனையாவது வரியில் உள்ளது என்று கேட்பேன். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து எண்ணுவார்கள். பதின்மூன்றாம் வரி என்று கூவுவார்கள். செலவில்லாத பாடக்கருவி என்று ஆய்வாளர் ஒருவர் என்னைப் பாராட்டியதும் உண்டு.

அந்தப் பள்ளி கோவை மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில் இருந்தது. 1982ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். வகுப்பில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுள் ஏழெட்டுப் பேர் மலையை ஒட்டிய இருளர் பதிகளிலிருந்து நடந்து வருவோர். அவர்கள் வீட்டிலே பேசுகிற மொழி அந்தத் தாளின் எந்த வரியிலும் இல்லை என்பது எனக்குப் பல்லாண்டுகள் வரை தோன்றவேயில்லை. தாளை எண்ண அவர்கள் முண்டியடித்ததாகவும் எனக்கு நினைவில்லை.

ஒரு மொழிக்குத் தகுதி என்பது வேறு, உயிர் என்பது வேறு. அரசு ஏட்டிலே இடம்பெறுவது தகுதி. பாட்டியிடமிருந்து பேரன் வாங்கிக்கொள்வது உயிர். இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே செல்லுமென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் நாட்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் பதினான்கு மொழிகள் இடம்பெற்றன. இன்று அந்த அட்டவணையைப் பெருமைக்குரிய ஓர் அவை போலக் கருதுகிறோம். ஆனால் சட்டத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை சிறிது. ஆட்சிமொழிக் குழு அமைக்கும்போது எந்தெந்த மொழியினர் அதில் இடம்பெற வேண்டும் என்பதற்கும், இந்தி தன் வளர்ச்சிக்கு எந்தெந்த மொழிகளிலிருந்து சொல்லும் வடிவமும் பெறலாம் என்பதற்கும் அது ஒரு குறிப்பேடு, அவ்வளவே. நாளடைவில் தேர்வுகளும் பரிசுகளும் மொழிபெயர்ப்பு வசதிகளும் அதனோடு வந்து ஒட்டிக்கொண்டன. ஒட்டிக்கொண்ட பின் அதிலே இடம்பெறப் போராட்டங்கள் எழுந்தன. 1967இல் சிந்தி சேர்ந்தது. 1992இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி ஆகிய மூன்றும், 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகிய நான்கும் சேர, இருபத்திரண்டாயிற்று.

இனி 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டவணையில் உள்ள சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 24,821 பேர். அட்டவணையில் இல்லாத பீலி மொழிக்கு ஒரு கோடியே நான்கு லட்சம் பேர். கோண்டி மொழிக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர், அதற்கும் இடமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழி என்றவர்கள் இந்நாடு முழுவதிலும் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பேருக்கும் குறைவு. அட்டவணையில் அதன் பெயர் கிடையாது. ஆயினும் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் அதன் செல்வாக்கு எத்தகையது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமஸ்கிருதத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இதைக் கூறவில்லை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழிக்குத் தலைகளை எண்ணி மதிப்புத் தர வேண்டுவதில்லை. எண்ணிக்கையைக் கொண்டு தகுதி வருவதில்லை என்பதற்கு அது கைக்குள் கிடைக்கும் சான்று என்பதே என் கருத்து.

எண்ணிக்கை என்றேன். எண்ணுகிறவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை கூற எனக்குத் தகுதி உண்டு. எண்ணியவர்கள் எங்களைப் போன்ற பள்ளியாசிரியர்கள்.

அதற்கு முன்னே, மொழிகளை எண்ணிய பெரியார் ஒருவரைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் பிறந்து, சிவில் உத்தியோகத்தில் சேர்ந்து, பீகாரில் நெடுங்காலம் பணியாற்றியவர் கிரியர்சன். 1886ஆம் ஆண்டு வியன்னா நகரில் கூடிய கீழைத்தேய ஆராய்ச்சியாளர் மாநாட்டில் இந்திய மொழிகளை முறையாக அளந்தறிய வேண்டும் என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது. பணியை ஏற்றவர் அவரே. முதற்பகுதி 1903இல் அச்சேறியது. பணி நிறைவெய்தியது 1928இல். 179 மொழிகள், 544 கிளைமொழிகள் என்று அவர் கணக்கிட்டார். எல்லா மொழிகளையும் ஒப்பிட ஒரே பனுவல் வேண்டுமென்று, ஊதாரி மைந்தன் தந்தையிடம் திரும்பி வந்த விவிலியக் கதையை ஊர்தோறும் அனுப்பி, அந்தந்த ஊர்ப் பேச்சில் எழுதி வாங்கினார். நூற்றுக்கணக்கான மொழிகளில் அந்த ஒரே மகன் திரும்பி வந்துகொண்டேயிருக்கிறான். பின்னாளில் சிலவற்றை இசைத்தட்டுகளிலும் பதிவு செய்தார்கள். வானொலி கேட்கும் நமக்கு இதில் ஒரு தனி உவகை இருக்கத்தான் செய்யும்.

ஆனால் நம் பகுதிக்கு அந்தப் பேறு முழுமையாகக் கிட்டவில்லை. சென்னை மாகாணமும், ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் அந்த அளவாய்வுக்குள் வரவில்லை. ஆகவே நீலகிரியிலும் ஆனைமலையிலும் வழங்கும் பேச்சுகளை யாரும் ஊர் ஊராகச் சென்று கேட்டெழுதவில்லை. அக்குறையை ஓரளவு தீர்த்தவர் எமனோ என்னும் அறிஞர். 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி, நீலகிரியில் தோடர்களோடும் கோத்தர்களோடும் அமர்ந்து கேட்டு, கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் நூல்களாக்கினார். இருளர் மொழியை ஆராய்ந்தவர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில். 1973 முதல் அதைப் பற்றி நூல் எழுதினார். தமிழின் சிதைந்த வழக்கு என்று பலர் ஒதுக்கிய அப்பேச்சைத் தென்திராவிடக் குடும்பத்தின் தனிமொழி என்று கொண்டவர் அவர். அந்நூல் வெளிவந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, அம்மொழி பேசும் குழந்தைகளுக்கு ஆசிரியனாகச் சென்ற எனக்கு, அப்படி ஒரு நூல் உண்டு என்பது தெரியாது. பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை.

குடிக்கணக்குக்கு வருவோம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மொழி பற்றிய கேள்வி கேட்கப்பட்டு வந்தது. கேள்வியின் சொற்கள் மட்டும் மாறி மாறி வந்தன. ஒருமுறை தாய்மொழி என்றார்கள். 1901இல் வழக்கமாகப் பேசும் மொழி என்றார்கள். கேள்வி மாறினால் விடை மாறும் என்பதை வினாத்தாள் தயாரித்த எவரும் அறிவர். விடுதலைக்குப் பின், 1961ஆம் ஆண்டுக் கணக்கு 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. மேடைப் பேச்சாளர்கள் இன்றும் எடுத்தாளும் எண் அதுவே. 1971 முதல், பதினாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகளின் பெயர்களையே வெளியிடுவது என்று ஆயிற்று. எஞ்சியவை யாவும் 'ஏனையவை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. தோடர் மொழியும் கோத்தர் மொழியும் இன்று அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கின்றன. அவற்றைப் பேசுவோர் தொகை பதினாயிரத்தைத் தொட்டதும் இல்லை. இனித் தொடப்போவதும் இல்லை.

2011இல் மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் மூலக் குறிப்பில் 19,569. இவற்றை ஆய்ந்து, ஒன்றே பலவாறு எழுதப்பட்டிருந்தவற்றை ஒன்றாக்கி, 1,369 தாய்மொழிகள் என்று வகுத்தனர். அவற்றுள் பதினாயிரம் பேருக்குமேல் பேசுவன 270. இந்த 270ஐயும் இனம் சேர்த்து 121 மொழிகள் என்று முடித்தனர். பத்தொன்பதாயிரத்தில் தொடங்கிய கணக்கு நூற்றிருபத்தொன்றில் வந்து நிற்கிறது. இவ்வாறு சேர்ப்பது வேண்டாத வேலை என்று நான் கூறமாட்டேன். தஞ்சாவூர்க்காரர் பேச்சும் நாஞ்சில் நாட்டார் பேச்சும் இரண்டு மொழிகள் ஆகா. ஆனால் இந்தி என்ற தலைப்பின் கீழ்ச் சேர்ந்திருக்கும் ஐம்பத்திரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களைப் பிரித்துப் பாருங்கள்: போஜ்புரி என்று சொன்னவர்கள் ஐந்து கோடிக்கு மேல், ராஜஸ்தானி என்றவர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல், சத்தீஸ்கரி என்றவர்கள் ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம். இந்தி என்றே சொன்னவர்கள் முப்பத்திரண்டு கோடி. மைதிலி இவ்வாறே அந்தத் தலைப்பின் கீழ் இருந்தது. 2003இல் தனியே அட்டவணைக்கு வந்ததும் கணக்கிலும் தனி வரி பெற்றுவிட்டது. பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை, ஏட்டில்தான் மாற்றம்.

பஞ்சாபிலே நிகழ்ந்தது இன்னும் கடுமை. 1951இல் பஞ்சாபி, இந்தி ஆகியவற்றுள் எது தாய்மொழி என்ற கேள்விக்கு விடை சொல்வதே ஊர்ப் பூசலாகி, கணக்கெடுப்பவர் எழுதியதை நம்ப முடியாத நிலை வந்து, அங்கே அம்மொழிகளைப் பிரிக்காமல் ஒன்றாகக் கூட்டியே வெளியிட்டனர். வீட்டிலே பேசுவது ஒன்று, வாசலில் வந்து நின்றவரிடம் சொல்வது ஒன்று.

நாம் இதையெல்லாம் வடநாட்டுச் செய்தியாகக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறோம். பிறர் வீட்டுக் கணக்கைப் புரட்டுபவர் தம் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது முறை. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ் என்ற தலைப்பின் கீழும் சில வரிகள் உண்டு. அவற்றுள் ஒன்று இருளர் மொழி. அதைத் தாய்மொழி என்று எழுதப்பட்டவர்கள் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேர். அதே கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் இருளர் குடியினர் ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்துக்கு மேல். செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துச் சமவெளி இருளர்கள் பேசுவது தமிழையே ஒட்டியது, அவர்களைக் கழித்துவிடலாம். அங்ஙனம் கழித்தாலும் பன்னிரண்டாயிரம் என்பது என் மனத்துக்கு ஒத்துவரவில்லை. ஏனெனில் அந்தக் குறைவில் ஒரு பங்கை நான் அறிவேன். என் கையெழுத்து அது.

1991 பிப்ரவரி மாதம். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடிக்கணக்கு எடுக்கும் பணி. எனக்கு ஒதுக்கிய வட்டத்தில் இரண்டு பதிகள் இருந்தன. ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு. வயது, பிறந்த ஊர், படிப்பு, தொழில் என்று வரிசையாகக் கேட்டு எழுத வேண்டும். தாய்மொழி என்பதற்கு எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் தெளிவான விளக்கம் இருந்தது: குழந்தைப் பருவத்தில் தாய் அக்குழந்தையிடம் பேசிய மொழி, தாய் இறந்துபோயிருந்தால் அவ்வீட்டில் பேசிய மொழி. அவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதை அப்படியே எழுதுக, நீயாக மாற்றாதே என்றும் இருந்தது. பயிற்சி வகுப்பில் அதை உரக்கப் படித்துக் காட்டினார்கள். தேநீர் வரும் நேரம் அது. யாரும் நின்று கேட்கவில்லை.

முதற்பதியில் ஒரு மூதாட்டி. தாய்மொழி என்ன அம்மா என்று கேட்டேன். அவருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "எங்க பேச்சுதானுங்க வாத்தியாரே" என்றார். அதற்கு என்ன பெயர் என்றேன். பேச்சுக்குப் பெயர் வைப்பார்களா என்பது போல என்னைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யானை இறங்கும் வழி. இருட்டுமுன் கீழே வர வேண்டும். 'தமிழ்' என்று எழுதினேன். அதன் பின் எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு பதிகளிலும் இருந்த அத்தனை சீட்டுகளிலும் அந்த இடத்தை வீட்டுக்கு வந்தபின் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நானே நிரப்பினேன். மூன்றெழுத்துத்தானே, கை வலிக்கவில்லை.

இதில் எனக்குத் தீய எண்ணம் இருந்ததில்லை. தமிழின் தொகை கூடட்டும் என்றும் எண்ணவில்லை. அவர்கள் பேசுவது ஒரு மொழி என்ற நினைவே இல்லை, அவ்வளவுதான். வகுப்பிலும் அப்படியே நடந்துகொண்டேன். அந்தப் பிள்ளைகள் தமக்குள் பேசினால், "ஒழுங்காகத் தமிழில் பேசு" என்று அதட்டுவேன். முதல் வகுப்பில் ஒரு சிறுமி ஆறு மாதம் வரை வாய் திறவாமல் இருந்தாள். மந்தபுத்தி என்று பதிவேட்டில் குறித்தேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் நெறி. தேர்விலே அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தச் சிறுமிக்குத் தெரிந்தது எது என்று கேட்டேனில்லை. தாய்மொழியிலேயே தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இலேயே அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். அது மொழிச் சிறுபான்மையினருக்கு உரியது. தமிழ் என்று நான் எழுதிவிட்ட பிறகு அந்தச் சிறுமி எந்தச் சிறுபான்மையில் சேர்வாள்?

ஏட்டிலே ஏறாத மொழிகளெல்லாம் மடிந்துவிடும் என்று முடிவு கட்டிவிடலாகாது. மேகாலயத்தில் காசி மொழிக்கு எட்டாம் அட்டவணையில் இடமில்லை. பதினான்கு லட்சம் பேர் பேசுகிறார்கள். 1841இல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்சு நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் அதை ரோமன் எழுத்தில் எழுதிக் காட்டினார். இன்று பள்ளியும் செய்தித்தாளும் அதில் நடக்கின்றன. கோண்டியின் கதை வேறு. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கோண்டி பேசும் நிலம் பல மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டது. எந்த மாநிலத்திலும் அவர்கள் பெரும்பான்மை அல்லர். கோண்டுக் குடியினர் ஒரு கோடிக்கு மேல் இருக்க, மொழியைச் சொல்வோர் முப்பது லட்சம் என்று நிற்பதற்கு அது முதன்மையான காரணம் என்றே நான் கருதுகிறேன். மொழிவாரி மாநிலம் கண்டு மகிழ்ந்த நமக்கு இந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தாலியும் அவ்வாறே பல மாநிலங்களில் சிதறியதுதான். வங்கத்தில் வங்க எழுத்து, ஒரிசாவில் ஒரிய எழுத்து, வேறிடங்களில் தேவநாகரியும் ரோமனும் என்று எழுதிவந்தார்கள். மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் பிறந்த ரகுநாத் முர்மு 1925இல் முப்பது எழுத்துகள் கொண்ட ஓல் சிக்கி என்னும் வரிவடிவத்தைத் தாமே ஆக்கினார். நாடகம் எழுதினார்; பாடநூல் எழுதினார்; அச்சுக்கூடம் தேடி அலைந்தார். அவர் ஒரு பள்ளியாசிரியர். இதைச் சொல்கையில் என் தொழிலுக்காகச் சற்றுப் பெருமையும் எனக்காகச் சற்று நாணமும் அடைகிறேன். 2003இல் சந்தாலி அட்டவணையில் இடம்பெற்றதை அவர் காணவில்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். 2011இல் அம்மொழியைச் சொன்னவர்கள் எழுபத்து மூன்று லட்சம். உங்கள் கையில் உள்ள ரூபாய்த் தாளில் மட்டும் அது இன்னும் இல்லை.

அந்தமானில் 2010 சனவரியில் போவா என்னும் மூதாட்டி இறந்தபோது, போ என்னும் மொழியைப் பேச உலகில் ஒருவரும் இல்லாமற் போயினர். கடைசி ஆண்டுகளில் பேச்சுத்துணைக்கு ஆளின்றி அவர் பறவைகளோடு அம்மொழியில் பேசுவார் என்று, அவர் சொற்களைப் பதிவு செய்த மொழியியலறிஞர் அன்விதா அப்பி எழுதியுள்ளார். அந்தச் செய்தியை நான் படித்தது 2010இல். அதன் பின்தான் சுவெலபில்லின் நூலைத் தேடிக் கோவை நூலகம் ஒன்றில் கண்டேன். என் மாணவர்கள் பேசிய சொற்கள் பக்கம் பக்கமாக, இலக்கண வகைப்பாட்டோடு, அந்நிய நாட்டார் ஒருவரால் அச்சேற்றப்பட்டிருந்தன.

மறு ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் குடிக்கணக்கு வந்தது. இப்போது நான் தலைமையாசிரியன். கணக்கெடுப்போரை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு. பதிகளுக்கு அனுப்பிய இளம் ஆசிரியரிடம், தாய்மொழிக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, முதல் நாள் நானும் உடன் சென்றேன். மூதாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வீட்டில் அவருடைய பேத்தி இருந்தாள். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றாள். முதல் வகுப்பில் ஆறு மாதம் வாய் திறவாதிருந்த அதே சிறுமி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இப்போது இரு பிள்ளைகளின் தாய்.

இளைஞர் கேட்டார்: "தாய்மொழி என்னங்க?"

அவள் ஒரு நொடியும் தயங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, "தமிழுங்க சார்" என்றாள்.

இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் கையேட்டின் வரி தெரியும்: அவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதை அப்படியே எழுதுக, நீயாக மாற்றாதே. "எழுதுங்கள் தம்பி" என்றேன். அவர் எழுதினார்.

நாங்கள் அடுத்த வீட்டுக்குத் திரும்பினோம். பின்னால், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் குழந்தையை அவள் உள்ளே அழைக்கும் குரல் கேட்டது. அழைத்தது அவர்கள் பேச்சில்.